ராட்டினக்கார நானாவின் காப்பு

முப்பது வருடமாகப் பதுளை மாவட்டத்து மனிதர்களை வானத்துக்கு ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த புஹாரி நானாவுக்கு உயரம் என்றால் ஆகாது. இதை அவர் மறைத்ததில்லை; யாரும் கேட்காததால் சொன்னதுமில்லை. பன்னிரண்டு தொட்டில் கொண்ட தம்முடைய ராட்டினத்தின் ஒவ்வொரு ஆணியையும் அவர் பிள்ளையின் பல்லைத் தெரிந்துவைத்திருப்பது போலத் தெரிந்துவைத்திருந்தார். ஆனால் ஒரு தொட்டிலில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றியதில்லை. மேலே ஏறி ஆணி முடுக்க ஆட்கள் இருந்தார்கள். கீழே நின்று, "புடிச்சிக்கிட்டு இருங்க, எட்டிப் பாக்காதீங்க" என்று கத்துவது முதலாளியின் வேலை.

தகப்பனார் பதுளைக் கடைவீதியில் தையல்காரர். மகனுக்கும் தையல்தான் என்று முடிவாகியிருந்தது. இருபத்தேழாவது வயதில் புஹாரி மொனராகலைக்குத் துணி வாங்கப் போய், நொடித்துப்போன ஒரு கார்னிவல்காரனிடமிருந்து துருப்பிடித்த ராட்டினத்தை வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். வாசலில் இரும்புக் குவியலைப் பார்த்த தகப்பனார் மூன்று மாதம் அவருடன் பேசவில்லை. நாலாம் மாதம் பேசினார்; பேசாமலிருந்ததே தேவலை என்று ஆயிற்று.

அதிலிருந்து வெசாக்குக்கு ஒரு ஊர், பெருநாளுக்கு ஒரு ஊர், தோட்டத்துத் திருவிழாவுக்கு ஒரு மலை என்று ராட்டினம் லொறியில் அலைந்தது. எல்லா மதத்தாரின் பண்டிகையிலும் அவருக்கு ஒரு மூலை உண்டு. நாலு பேர் வந்தால் அது வெறும் இரும்பு, நானூறு பேர் வந்தால்தான் ராட்டினம் என்பார். கூட்டத்தைப் பார்த்தால் மற்றவர்களுக்கு மூச்சு முட்டும். புஹாரி நானாவுக்குக் கூட்டத்தைப் பார்த்தால்தான் மூச்சே வரும்.

மடுல்சீமைக்கு மேலே, பஸ்கள் இனி முடியாது என்று திரும்பிப் போகிற இடத்திலிருந்து இன்னும் மூன்று மைல் ஏறினால் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவு வரும். அங்கே மாரியம்மன் திருவிழா மார்ச் மாதத்தில். அந்தத் தோட்டத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு வழக்கம் இருந்தது. மற்ற இடங்களில் பூசாரியும் கரகம் எடுப்பவரும் நேர்த்திக்காரர்களும்தான் கையில் மஞ்சள் காப்புக் கட்டுவார்கள். இங்கே, திருவிழாவில் யாருக்கெல்லாம் ஒரு வேலை இருக்கிறதோ அவர்கள் எல்லாருக்கும் காப்பு. தப்படிப்பவர், ஜெனரேட்டர்காரர், ஒலிபெருக்கிக்காரர், கடைசியாக ராட்டினக்கார நானா. கட்டினால், கரகத்தை ஆற்றில் இறக்கிக் குடிவிட்டுக் காப்பை அவிழ்க்கும் வரைக்கும் தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ஊருக்கு ஆகாது.

முதல் வருடம் புஹாரி தயங்கினார். "இது எங்களுக்கு ஹராமுங்க" என்றார். "சாமிக்கு இல்ல நானா, வேலைக்கு" என்றார் பூசாரி அங்கமுத்து. அந்த விளக்கத்தில் மார்க்கப் பிழை ஒன்றும் இருப்பதாகப் புஹாரிக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்துகொள்ள அவர் மெனக்கெடவில்லை. இருபத்தொரு வருடமாக ஆறு நாள் காப்புக் கட்டினார். பதுளைக்குத் திரும்பி பள்ளிவாசலுக்குப் போகுமுன் கைச்சட்டையை இழுத்து மஞ்சள் கறையை மறைத்துக்கொண்டார்.

2020ஆம் வருடம் மார்ச்சில் செவ்வாய்க்கிழமை கொடி ஏறியது, காப்புக் கட்டியாயிற்று. புதன்கிழமை பிள்ளைகள் ராட்டினத்தில் ஏறினார்கள். வியாழக்கிழமை, குடை ராட்டினத்தையும் ஏற்றிக்கொண்டு வர லொறியோடு ஆட்களை மொனராகலைக்கு அனுப்பினார். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நாடு முழுக்க ஊரடங்கு.

அம்மை நோய் வராமல் காக்கத்தான் மாரியம்மனுக்குத் திருவிழா. நோய் வந்து அந்தத் திருவிழாவை நிறுத்திவிட்டது. இதில் யார் யாரிடம் தோற்றார்கள் என்று கமிட்டிக்காரர்களுக்கு விளங்கவில்லை. கொடியை இறக்கிவிடலாமா என்று கேட்டதற்குப் பூசாரி வாயில் அடித்துக்கொண்டார். கரகம் குடிவிடாமல் கொடி இறக்கினால், வராத நோயும் வரும். ஆகவே திருவிழா நடக்கவும் இல்லை, முடியவும் இல்லை. காப்புக் கட்டிய ஒன்பது பேரும் கட்டினபடி நின்றார்கள். எட்டுப் பேருக்கு அதில் பெரிய நட்டமில்லை. அவர்கள் அந்தத் தோட்டத்துக்காரர்கள், ஊரடங்கில் அவர்களுக்கு எல்லையைத் தாண்ட வேலையுமில்லை. ஒன்பதாவது ஆள் புஹாரி நானா.

அவருக்குப் போகவேண்டியிருந்தது. மனைவி ஜெமீலா மௌத்தாகி நாலு வருடம். ஒரே மகள் ஸஜீதா, பதுளை வீட்டில் தனியே இருந்தாள். ஒன்பதாம் மாதம், தலைப்பிரசவம். மருமகன் அர்ஷாத் கட்டாரில். விமான நிலையம் மூடியாயிற்று. பிரசவத்துக்குப் பன்னிரண்டு நாள் முன்னாலேயே வீட்டுக்கு வந்து நின்றுகொள்வேன் என்று மகளிடம் சொல்லிவிட்டுத்தான் மலை ஏறியிருந்தார். உம்மா இல்லாத வீட்டில் வாப்பாவும் இல்லாமல் ஒரு பிள்ளை எப்படிப் பெறும்?

மலையில் அவருடைய போன் செத்த மீன் மாதிரிக் கிடந்தது. கோயிலடியில் சிக்னல் கோடு இல்லை, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தடியில் இல்லை, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நின்று கையைத் தூக்கினாலும் இல்லை.

வழி சொன்னவள் யோகமலர். கொழுந்து பறிக்கிறவள், முப்பத்தைந்து வயது. நானாவுக்கு மூன்று வேளைச் சோறும் அவளுடைய லயத்திலிருந்துதான் வந்தது. புருசன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. ஒரே அறையில் இன்னும் எட்டுப் பேரோடு பூட்டுண்டு கிடந்தான்.

"நானா, புதன்கெழம நான் ஒங்க ராட்டினத்துல ஏறுனேன்ல, உச்சிக்குப் போறப்ப போனு கிணுகிணுன்னு அடிச்சிச்சு. அந்த மனுசன் அனுப்புன மெசேஜ் பூரா அங்கதான் வந்து விழுந்திச்சு. கீழ எறங்குனா ஒண்ணுமில்ல."

"உச்சியிலயா?"

"உச்சியிலதான். ஏறிப் பேசுங்க."

புஹாரி ராட்டினத்தை அண்ணாந்து பார்த்தார். டீசல் இல்லை. இரண்டு பேர் கையால் தள்ளிச் சுற்ற வேண்டும். எதிர்த் தொட்டிலில் மணல் மூட்டை வைத்துப் பாரத்தைச் சமன் செய்ய வேண்டும். அதெல்லாம் அவருக்குக் கைவந்த வேலை. ஏறுவதுதான் வரவில்லை.

"நீங்க பேசிட்டு மகள் என்ன செல்றாண்டு சொல்லுங்களே" என்றார்.

"ஆமா, ஒங்க மக எங்கிட்ட வயித்துவலிய சொல்லப் போகுது! ஏறுங்க நானா. ஊருல உள்ள சின்னப் புள்ளைங்க பூரா ஏறுது."

ஏறினார். கண்ணை மூடிக்கொண்டு, வாய்க்கு வந்த ஓதலையெல்லாம் ஓதிக்கொண்டு, ஐம்பத்தேழு வயதில் முதன்முதலாகத் தம்முடைய சொந்தத் தொழிலில் ஏறினார். உச்சியில் தொட்டில் நின்று ஆடியது. போன் அடித்தது.

"வாப்பா! எங்க ஈக்கிறீங்க? ஒரே காத்துச் சத்தமா கேக்குது."

"ராட்டினத்துல மகள்."

"ராட்டினத்துலயா? நீங்களா?"

"ஓ."

அந்தப் பக்கம் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "எப்ப வாரீங்க வாப்பா? ராவையில பயமா ஈக்குது. பக்கத்து வீட்டு ஜெனீரா ராத்தா வந்து பாத்திட்டுப் போற. ஆனா ராத்தாக்கும் பயம்தானே, கதவுக்கு வெளியில நிண்டுதான் பேசுற."

"வாறேன் மகள். ரெண்டு மூணு நாளையில வாறேன்."

கண்ணைத் திறந்திருந்தால் அவருக்கு எல்லைக் கல்லும், அதற்கு அப்பால் பசறைக்கு இறங்குகிற ரோடும் தெரிந்திருக்கும். திறக்கவில்லை.

மறுநாள் யோகமலர் புருசனோடு பேச ஏறினாள். அதற்கு மறுநாள் கொழும்பில் பிள்ளைகள் உள்ளவர்கள் எல்லாரும் வந்தார்கள். அந்த லயங்களில் கொழும்பில் யாராவது இல்லாத வீடு கிடையாது. ஒரு கிழமைக்குள் ராட்டினத்தடியில் நாற்பது பேர் வரிசை. கூட்டம் கூடக்கூடாது என்ற சட்டம் வந்த பிறகுதான் புஹாரியின் ராட்டினத்துக்கு அந்த மலையில் அதுவரை இல்லாத கூட்டம் வந்தது. ஒருவரிடமும் அவர் காசு வாங்கவில்லை.

பசறையிலிருந்து சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ. குமாரசிங்கம் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியபோது கண்ட காட்சி இது. யாழ்ப்பாணத்துக்காரர், ஊரை விட்டு வந்து பத்து வருடமாகியும் பேச்சை விடாதவர். சட்டத்தில் ஒரு எழுத்தைக்கூட உதிர்த்துவிட மாட்டார் என்று பெயர்.

"உதென்ன விளையாட்டு? நாடே கதவைப் பூட்டிக்கொண்டு கிடக்குது, நீங்கள் ராட்டினம் ஓட்டிறியளோ?"

விளக்கினார்கள். நம்பவில்லை. சோதித்துப் பார்க்கவென்று அவரே ஏறினார். உச்சியில் அவருடைய காரியாலயத்திலிருந்து ஏழு அழைப்புகள் வந்து விழுந்தன. கால் மணி நேரம் இறங்கவில்லை. இறங்கினதும் முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு, "ஒரு நேரத்திலை ஒரு ஆள். மற்றவை வீட்டிலை இருந்து முறைக்கு வாங்கோ" என்று மட்டும் சொன்னார்.

புஹாரி அவரிடம் தம் கதையைச் சொன்னார். குமாரசிங்கம் இரண்டு நாளில் பொலீஸ் கையெழுத்தோடு பாஸ் கொண்டுவந்து கொடுத்தார். அரசாங்கம் போ என்றுவிட்டது. புஹாரி பையைத் தூக்கிக்கொண்டு, காப்பை அவிழ்த்துவிடச் சொல்லிக் கோயிலடிக்குப் போனார்.

பூசாரி அவருடைய மணிக்கட்டைப் பார்த்தார். கமிட்டியிலிருந்த இரண்டு தலைவர்களும் பார்த்தார்கள். ஒருவர் சன்னாசி, மற்றவர் ஆண்டியப்பன்; தோட்டத்து இரண்டு தொழிற்சங்கங்களுக்கும் ஆளுக்கொரு தலைவர். வானம் நீலமா என்று கேட்டாலும் ஆளுக்கொரு பதில் சொல்கிறவர்கள் அன்று ஒரே பதில் சொன்னார்கள்.

"காப்போட எல்ல தாண்ட முடியாது நானா."

"அப்ப அவுத்து விடுங்க."

"கரகம் குடிவிடாம அவுக்க முடியாது."

"என்ட மகளுக்குப் புள்ள பெற ஈக்கிது தலைவர்!"

"எங்களுக்கும் புள்ளைக இருக்கு" என்றார் ஆண்டியப்பன். "நீங்க போயி, நாளைக்கி இங்க ஒருத்தருக்கு சளி புடிச்சாக்கூட யார சொல்லுவாங்க? டீவியில என்னா சொல்றாங்கன்னு பாக்குறீங்கதானே."

அதுதான் விசயம். காப்பு ஒரு நூல். கத்தரிக்கோல் வைத்தால் போயிற்று. தையல்காரர் மகனுக்கு அது தெரியாததல்ல. நூலில் அவருக்கு நம்பிக்கையும் இல்லை. ஆனால் அந்த நாட்களில் தொலைக்காட்சியைத் திறந்தால் நோய் எங்கிருந்து பரவுகிறது என்பதற்கு அவருடைய சனத்தைத்தான் கை காட்டினார்கள். காப்பை அறுத்துக்கொண்டு ஓடினவன், அதுவும் ஒரு முஸ்லிம் நானா. பிறகு அந்த மலையில் ஒரு கிழவி இருமினாலும் அது அவர் கணக்கில் போகும். அவரோடு போகாது, பதுளையில், பசறையில் கடை வைத்திருக்கிறவர்கள் எல்லார் தலையிலும் ஏறும். தமக்கு நம்பிக்கை இல்லாத ஒரு நூலுக்கு, நம்பிக்கை உள்ளவர்களைவிட அவர்தான் அதிகம் பயந்தார்.

பையை இறக்கி வைத்தார். நாளுக்கு இரண்டு தடவை ராட்டினத்தில் ஏறி, நாளைக்கு வாறேன், நாளைக்கு வாறேன் என்று மகளிடம் பொய் சொன்னார். பயம் விட்டபாடில்லை. ஆனால் அது உயரத்தை நினைத்தா, மகளை நினைத்தா என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது.

குமாரசிங்கத்தின் காலைத்தான் மறுபடி பிடித்தார். அவர் ஒரு வழி சொன்னார். கூட்டமில்லாமல், ஐந்தே ஐந்து பேர், முகக்கவசத்தோடு ஆற்றங்கரைக்குப் போய்க் கரகத்தை விட்டுவிட்டு வருவதென்றால் தாம் கண்ணை மூடிக்கொள்வார். மற்றவர்களெல்லாம் வீட்டுக்குள்.

கமிட்டி ஒப்புக்கொண்டது. ஐந்து பேர் யார் என்பதில்தான் எட்டு நாள் போயிற்று.

கரகம் எடுக்கப் பூசாரி ஒருவர். தப்புச் சத்தமில்லாமல் கரகம் நகராது, ஆகவே தப்படிக்க ஒருவர். மிச்சம் மூன்று. சன்னாசி ஒன்று, ஆண்டியப்பன் ஒன்று. ஐந்தாவது இடம் எந்தச் சங்கத்துக்குப் போனாலும் மற்றச் சங்கம் விடாது. ஆறாக்கிக் கொடுங்கள், அல்லது நாலாக்குங்கள் என்று குமாரசிங்கத்திடம் மகஜர் போயிற்று. கரகத்துக்குக் குடை பிடிக்க ஆள் வேண்டும், ஆகவே நாலாக்க முடியாது என்று பூசாரி. சட்டத்தில் ஐந்துதான், ஆகவே ஆறாக்க முடியாது என்று குமாரசிங்கம். பெரட்டுக் களத்தில் ஒரு மீட்டர் இடைவெளி விட்டு நின்றுகொண்டு இரண்டு பக்கமும் ஏசிக்கொண்டார்கள். புஹாரி இருவருக்கும் நடுவில் நடந்து நடந்து கால் வீங்கிப்போனார். கடைசியில் களத்து நடுவில் உட்கார்ந்து அழுதுவிட்டார். வளர்ந்த ஆம்பிளை அழுவதைப் பார்க்கக் கூசி இரண்டு தலைவர்களும் வேறு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

யோகமலர்தான் சத்தம் போட்டாள். "ஏன்யா, நானாவ போடுங்களே! அவரு எந்தச் சங்கத்துக்கும் சந்தா கட்டல. கையில காப்பும் இருக்கு."

களம் கணக்குப் போட்டது. நானா குடை பிடித்தால் எங்களுக்கு இலாபமில்லை. ஆனால் அவர்களுக்கும் இலாபமில்லை. இரண்டு தலைவர்களுக்கும் அது நியாயமாகப் பட்டது.

புஹாரி கைக் காப்பைப் பார்த்தார். காப்பு வேலைக்கு என்று சொல்லலாம். கரகத்துக்குக் குடை பிடிப்பதை என்னவென்று சொல்வது? அல்லாஹ்வுக்கு என் மனசின் நிய்யத் தெரியும், ஸஜீதாவையும் தெரியும் என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு சம்மதித்தார்.

சனிக்கிழமை காலையில் ஐந்து பேரும் புறப்பட்டார்கள். முன்னால் தப்பு, நடுவில் கரகம், அதன்மேல் மஞ்சள் குடை, குடைக்குக் கீழே தொப்பியும் முகக்கவசமுமாகப் புஹாரி நானா. முதல் அடி விழுந்தது.

ஒரு மாதமாக அந்த மலையில் தப்புச் சத்தம் கேட்கவில்லை. யாரும் வெளியே வரக்கூடாது என்று வீடு வீடாகச் சொல்லியிருந்தார்கள். சொல்லப் போனவர்களே முதலில் வெளியே வந்தார்கள். முதல் லயத்தில் வாசலுக்கு வந்தார்கள். இரண்டாவது லயத்தில் படிக்கு வந்தார்கள். மூன்றாவது வளைவில் புஹாரி திரும்பிப் பார்த்தபோது பின்னால் முந்நூறு பேர், வேப்பிலையும் குலவையுமாக.

"போங்க! உள்ளுக்குப் போங்க!" என்று அவர் குடையை ஆட்டினார். நானாவுக்கே அருள் வந்துவிட்டது என்று நினைத்து அவர்கள் இன்னும் பலமாகக் குலவை போட்டார்கள். வாழ்க்கை முழுக்கக் கூட்டம் வராதா என்று ஏங்கிய மனிதர், கலைந்து போகச் சொல்லிக் கூட்டத்தைக் கெஞ்சினார். ஆற்றங்கரையில் கரகம் போயிற்று. பூசாரி ஒன்பது பேரின் காப்பையும் அவிழ்த்துத் தண்ணீரில் விட்டார். புஹாரி ஓடாத குறையாக வந்து பையைக் கட்டினார். நாளைக்குக் காலை மாவு லொறி மடுல்சீமைக்கு வரும். அதில் பசறை, பிறகு பதுளை.

யாரோ ஒரு பெடியன் ஊர்வலத்தைப் போனில் படம் பிடித்து, ராட்டினத்தின் உச்சிக்குப் போய், கட்டாரிலுள்ள அண்ணனுக்கு அனுப்பியிருந்தான். அன்று பொழுது சாயுமுன் அந்தப் படம் கட்டார், கொழும்பு, பதுளை வழியாகக் குமாரசிங்கத்தின் மேலதிகாரியிடம் வந்து சேர்ந்துவிட்டது. படத்தில் தெளிவாகத் தெரிந்த முகம் குடைக்காரருடையது.

ஞாயிறு காலையில் மாவு லொறிக்கு முன்னால் பொலீஸ் ஜீப் வந்தது. மேற்பிரிவு முழுக்கப் பதினாலு நாள் தனிமைப்படுத்தல். ஒருவரும் எல்லை தாண்டக்கூடாது. ராட்டினத்தைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டினார்கள். புஹாரி தம்முடைய பாஸை நீட்டினார். குமாரசிங்கம் தலையை ஆட்டினார். "இனி உது செல்லாது, நானா. என்ரை வேலையே போகப் பாத்தது."

மாரியம்மன் விட்டுவிட்டாள், அரசாங்கம் பிடித்துக்கொண்டது. ராட்டினத்தில் ஏற முடியாது, மகளின் குரலும் இல்லை. குமாரசிங்கத்தின் போன் இலக்கத்தை மகளிடம் முன்பே கொடுத்துவைத்திருந்ததுதான் ஒரே ஆறுதல். புஹாரி கோயில் மடத்தில் படுத்துக்கொண்டு கூரைத் தகரத்தின் ஓட்டைகளை எண்ணினார். யோகமலர் வைத்துவிட்டுப் போன சோற்றைக் காகங்கள் தின்றன.

நாலாம் நாள் பகல் குமாரசிங்கம் வந்தார். சட்டப்படி பத்தடி தூரத்தில் நின்றார். பத்தடி தூரத்தில் முகக்கவசத்தோடு நிற்பவர் கத்தித்தான் பேச வேண்டும். அவர் கத்தினார், மூன்று லயத்துக்கும் கேட்டது.

"உங்கடை மகளுக்குப் பிள்ளை பிறந்திட்டுது! பெட்டைப் பிள்ளை! பக்கத்து வீட்டு மனுசி ஃபோன் எடுத்தவ!"

"அல்ஹம்துலில்லாஹ்! மகள் சொகமா?"

"ரத்தம் கூடப் போயிட்டுதாம். பதுளை ஆஸ்பத்திரியிலை ரத்தம் ஏத்தினமாம். உங்களைத்தான் கேக்கிறாவாம்."

புஹாரி எழுந்து நடந்தார். "நில்லுங்கோ!" என்றார் குமாரசிங்கம், "கிட்ட வராதேங்கோ!" புஹாரி நின்றார். காலில் விழ வேண்டும் என்றாலும் பத்தடி தூரத்தில் விழ வேண்டியிருந்தது, விழுந்தார். "ஐயா, நான் நடந்தே போறேன். என்னயப் பாக்கல்லண்டு வெய்ங்க."

"ஏலாது நானா. எல்லையிலை பொலீஸ் நிக்குது." பிறகு, ஏதோ படிவம் நிரப்புகிறவர் மாதிரிக் கேட்டார்: "உங்களுக்குக் காய்ச்சல் ஏதும் இருக்கோ?"

"இல்ல ஐயா! ஒண்ணும் இல்ல!" ஒரு மாதமாக எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்; தானாக வந்தது.

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. இருமல், காய்ச்சல் உள்ள ஆக்களை உடனை அம்புலன்சிலை பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்போணும். அது சட்டம். எனக்கு வேறை வழியில்லை." அவர் மூன்றாம் தடவை கேட்டார், ஒவ்வொரு சொல்லாக. "காய்ச்சல் இருக்கோ, இல்லையோ?"

புஹாரிக்கு அப்போது விளங்கிற்று. சட்டத்தில் ஒரு எழுத்தையும் உதிர்க்காத மனிதர் சட்டத்துக்குள்ளேயே ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

மூன்று லயத்து வாசல்களிலும் ஆட்கள் நின்றார்கள். சன்னாசி ஒரு படியில், ஆண்டியப்பன் இன்னொரு படியில். எந்தச் சொல் தம்மேல் விழாமலிருப்பதற்காக ஒரு மாதம் மகளை விட்டுக் காத்துக் கிடந்தாரோ, அந்தச் சொல்லைத்தான் இப்போது இவர்கள் எல்லாருக்கும் கேட்கக் கத்த வேண்டும். நானாதான் கொண்டுவந்தான் என்பார்கள். இனி இந்த மலையில் ராட்டினம் நிற்காது. இன்னொன்றும் இருந்தது. அந்த நோயில் போனவர்களை அப்போது எந்த மார்க்கமென்று பாராமல் எரித்தார்கள். நோயில்லாமல் நோயாளிகளின் நடுவில் போய்ப் படுத்து, நோயாளியாகி, கபன் துணி இல்லாமல் கப்றுக் குழி இல்லாமல் போகவும் கூடும்.

"இருக்கு!" என்று கத்தினார். "காச்சல் இருக்கு ஐயா! இருமலும் இருக்கு!"

வாசல்கள் ஒரே மூச்சில் பின்வாங்கின. சன்னாசி படியை விட்டு இறங்கி உள்ளே போனார். "அப்பவே சொன்னேன்" என்றது ஆண்டியப்பனின் குரல். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை; நம்புவதற்குத் தயாராக அவர்கள் ஒரு மாதமாகக் காத்திருந்தார்கள். நம்பாதவள் ஒருத்திதான்.

"பொய்யி!" என்று யோகமலர் வாசலில் இறங்கி வந்தாள். "ஐயா, நம்பாதீங்க. இந்த மனுசனுக்கு ஒண்ணுமில்ல. காலைல சோறு வக்கிறப்பகூட கல்லு மாதிரி இருந்தாரு. நானா, ஏன் இப்புடி வாயில வந்தத சொல்றீங்க? கொண்டுபோயி போட்டுருவாங்க!"

"நீ சும்மா இரு புள்ள. இருக்கு."

"எங்க, நெத்திய காட்டுங்க, நான் தொட்டுப் பாக்குறேன்!"

"தொடாத! வராத!" அவர் இருமினார். வரவில்லை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி இருமினார். முதல் இருமல் பொய். அடுத்தடுத்து வந்ததில் அழுகை கலந்துவிட்டது. அது நோயாளியின் இருமலைவிட நன்றாக இருந்தது. "எனக்கு முடியல்ல புள்ள. என்னய நம்பு."

யோகமலர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். குமாரசிங்கம் கத்திய செய்தி அவளுக்கும் கேட்டுத்தான் இருந்தது. "ஆமாங்க" என்றாள் கடைசியில், மெதுவாக. "நேத்து ராத்திரிகூட இருமுனாரு."

குமாரசிங்கம் குனிந்து படிவத்தில் எழுதினார்.

அம்புலன்ஸ் வர மூன்று மணி நேரம் பிடித்தது. உடம்பு முழுக்க மூடிய இரண்டு பேர் அவரை ஏற்றினார்கள். அவர் படுத்திருந்த மடத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். ராட்டினத்தின் தொட்டில்களில் வேப்பிலை கட்டினார்களா, கல்லெறிந்தார்களா என்று கண்ணாடி வழியே சரியாகத் தெரியவில்லை. பல பேர் அதைச் சூழ்ந்து நின்றது மட்டும் தெரிந்தது.

பதுளையில் ஒரு தாதி அவருடைய நெற்றிக்கு நேரே சூட்டுமானியை நீட்டினாள். மறுபடி நீட்டினாள். "காச்சல் இல்லையே?" என்றாள் அரைத் தமிழில்.

"இருந்திச்சி மிஸ். இப்பதான் போன."

வந்தவர்களைத் திருப்பி அனுப்பச் சட்டமில்லை. பரிசோதனை முடிவு வர நாலு நாள். இரண்டாம் மாடி அறையில் பூட்டினார்கள். பிரசவ வார்ட் எங்கே என்று கேட்டார். தாதி ஜன்னல் வழியே எதிர்க் கட்டடத்தைக் காட்டினாள். இடையில் ஒரு முற்றம், எழுபது எண்பது அடி. முப்பத்திரண்டு நாளாக மகளுக்கு இவ்வளவு கிட்ட அவர் வந்ததில்லை. இன்னும் கிட்டப் போக இனி எந்தப் பொய்யும் மிச்சமில்லை.

போனில் கோடு நிறைய இருந்தது. அடித்தார், எடுக்கவில்லை. இருபது தடவை அடித்தார். இருபத்தோராவது தடவையில் எடுபட்டது.

"மகள்?"

மூச்சுச் சத்தம். பிறகு சன்னமாக, "எங்க ஈக்கிறீங்க வாப்பா?"

"ஒனக்கு முன்னுக்குத்தான் ஈக்கிறேன் மகள். எதிர்ப்பக்க மாடியில."

"பொய்."

"இல்ல மகள். சத்தியமா."

"நாளைக்கு வாறேன், நாளைக்கு வாறேன்னு எத்தின நாள் சென்னீங்க!" குரல் ஏறியது. "நான் மௌத்தாப் போயிருந்தாலும் நாளைக்கு வாறேன்னுதான் செல்லியிருப்பீங்க. உம்மா ஈந்திருந்தா இப்படி உடுவாவா? ராட்டினம், ராட்டினம், எப்ப பாத்தாலும் அந்த இரும்பு..."

ஏசுவதற்கு உடம்பில் இரத்தம் வேண்டும். அவளுக்கு அது இருந்தது. புஹாரி ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எதிர்க் கட்டடத்தின் வரிசை ஜன்னல்களைப் பார்த்தார். எதற்குப் பின்னால் அவள் என்று தெரியவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"கேக்குதா வாப்பா? ஏன் பேசாம ஈக்கிறீங்க?"

"கேக்குது மகள்" என்றார். "இன்னம் ஏசு."